பதினைந்து கோழிக் கூண்டு: கோடையும் மழையும் கடந்தபின் ஒரு மதிப்பீடு

புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கென்று, தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகர ஓரங்களிலும் உள்ள வெல்டிங் பட்டறைகள் இப்போது ஏறக்குறைய ஒரே அமைப்பில் ஓர் இரும்புக் கூண்டைச் செய்து விற்கின்றன. நீளம் 4 அடி, அகலம் 3 அடி, கால்களோடு சேர்த்து உயரம் 6 அடி. மேலே கோழிகள் இரவில் அடைவதற்கான அறை, கீழே குஞ்சுகளுக்கான தடுப்பு, இரண்டுக்கும் நடுவே எச்சத்தை ஏந்தும் தகரத் தட்டு, பக்கவாட்டில் முட்டையிட மூன்று பெட்டிகள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தகரக் கூரை. 'பதினைந்து கோழிக் கூண்டு' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் இதன் விலை 14,000 ரூபாய்; வண்டிக்கூலி தனி. எங்கள் வீட்டில் சிறுவிடை எனும் சிற்றுடல் நாட்டுக்கோழி வகையில் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் ஒரு கடுங்கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் இதில் கழித்திருக்கின்றன. அந்த அனுபவத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கூண்டின் வெளிப்புறம் நம்பத்தக்கது; உட்புறமோ கோழியின் பழக்கவழக்கங்களைக் கேட்டறியாமல் அமைக்கப்பட்டது. வாங்கலாம், ஆனால் உள்ளே சில மாற்றங்களைச் செய்துகொண்டுதான் கோழிகளை விட வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கூண்டின் சட்டகம் ஓர் அங்குலச் சதுரக் குழாயால் ஆனது. நான்கு பேர் தூக்கி இடம் மாற்றினாலும் கோணவில்லை. சுவராக அடித்திருப்பது துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ். கடைகளில் 'கோழிவலை' என்று கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வெளியிலிருந்து வரும் நாயையும் மரநாயையும் நிறுத்தாது. பல்லால் கடித்து இழுத்தால் அது பிரிந்துவிடும். கண்ணுக்குக் கண் பற்றவைக்கப்பட்ட மெஷ் அப்படிப் பிரியாது. தோட்டத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் கீரியும் மரநாயும் வழக்கமாக நடமாடுபவை. இரவில் கூண்டைச் சுற்றி வந்த தடங்களை மழை ஈரத்தில் காலையில் பார்த்திருக்கிறோம், ஒரு கோழியும் போகவில்லை. ஓரடி உயரக் கால்களின் மேல் கூண்டு நிற்பதால் அடியில் பெருக்க முடிகிறது, மழைநீர் தேங்கினாலும் கூண்டைத் தொடுவதில்லை.

மெஷ்ஷில் ஒரே ஒரு குறை, கண்ணின் அளவு. மேலறைக்கு ஓர் அங்குலக் கண் போதும். குஞ்சுகள் இருக்கும் கீழ்த் தடுப்பிலும் அதே ஓர் அங்குலக் கண்ணைத்தான் அடித்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் சுண்டெலி தாராளமாக நுழையும், சிறிய பாம்பும் நுழையும். பெரிய எலி நுழைய முடியாவிட்டாலும், மெஷ்ஷை ஒட்டிப் படுத்திருக்கும் குஞ்சின் காலை வெளியிலிருந்தே கவ்வும். கீழ்த் தடுப்புக்கு அரை அங்குலக் கண் கட்டாயம். இருக்கும் மெஷ்ஷின் மேலேயே அரை அங்குல மெஷ்ஷை வெட்டிக் கட்டுக்கம்பியால் கட்டிக்கொள்ளலாம், செலவு பெரிதில்லை.

இனி உட்புறம். கோழி அடையும் கம்பைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒரு கூண்டின் தரம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கோழி தரையில் மேயும் பறவையே ஆனாலும், இருட்டியபின் உயரமான ஓரிடத்தில் ஏறி உட்கார்ந்தால்தான் அதற்கு நிம்மதி. நம் சிறுவிடைகளை அவற்றின் போக்கில் விட்டால் முருங்கைக் கிளையிலோ மாட்டுக்கொட்டகை விட்டத்திலோ ஏறிக்கொள்வது இதனால்தான். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே வெளிச்சம் மங்குவதற்குள் இடம் பிடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு எல்லாக் கோழிகளுக்கும் உண்டு. இந்தக் கூண்டில் அதற்காக வைத்திருப்பவை இரண்டு அரை அங்குல உருட்டுக் கம்பிகள், அதுவும் மேலறையின் தரையிலிருந்து எட்டே அங்குல உயரத்தில்.

கம்பி மெலிதாக இருப்பதால் என்ன நேர்கிறது என்பதை டார்ச் வெளிச்சத்தில் கீழிருந்து பார்த்தால் புரியும். கோழி உட்காரும்போது முழங்கால் மடங்க, விரல்கள் தாமாகவே இறுகிக் கம்பைப் பற்றிக்கொள்ளும். அரை அங்குலக் கம்பியில் விரல்கள் ஒரு முழுச் சுற்று சுற்றி, முன்விரல் நகம் பின்விரலைத் தொடுகிறது. உடலின் பாரமெல்லாம் உள்ளங்காலின் நடுவே ஒரு மெல்லிய கோட்டில் இறங்குகிறது. நெஞ்சு கம்பியின் மேல் சரியாகப் படிவதும் இல்லை. நாள்பட இப்படி உட்காரும் கோழிகளுக்கு உள்ளங்காலில் தடிப்பு விழுந்து, அது வெடித்துக் கிருமி புகுந்து புண்ணாகும். அந்தக் கால்புண் வந்தபின் ஆற்றுவது கடினம். சுமார் 2 அங்குல அகலமும் மேல்விளிம்பு மழுங்கச் சீவியதுமான ஒரு மரச்சட்டம் இதற்குச் சரியான தீர்வு. மரத்தின் மேல் பாதம் பரவலாகப் பதியும், பனி நாளில் இரும்பைப் போல் குளிர்வதும் இல்லை. பட்டறையில் இதைச் சொன்னபோது, "எல்லாரும் இந்தக் கம்பியைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் வெல்டர். ஆனாலும் கேட்டபடி, மரச்சட்டத்தைச் செருகி எடுக்கும் கொக்கிகளை இருபுறமும் பற்றவைத்துக் கொடுத்தார். அந்தக் கொக்கிகளே இந்தக் கூண்டில் எனக்கு மிகவும் பயன்பட்டவை.

உயரமும் அதே அளவு முக்கியம். முட்டைப் பெட்டிகளின் வாசல் அதே அறைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கிறது. கம்பிகளோ அதைவிடத் தாழ்வு. உயரமான இடத்தைத் தேடும் கோழி பெட்டியின் விளிம்பில் ஏறி, பிறகு பெட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். கோழி இடும் எச்சத்தில் ஏறக்குறைய பாதி இரவில், அது உறங்கும் இடத்தில்தான் விழும். விளைவாக, காலையில் முட்டையிட வரும் பெட்டைக்குக் கிடைப்பது எச்சம் படிந்த வைக்கோல். முட்டை அழுக்காவதோடு, பெட்டியை வெறுத்துச் செடிமறைவில் முட்டையிடும் பழக்கமும் தொடங்கிவிடும். ஒருமுறை அப்படித் திருட்டு முட்டை இடப் பழகிய பெட்டையைத் திருப்பிக் கொண்டுவருவது பாடு. சட்டங்களை 20 அங்குல உயரத்துக்கு ஏற்றிய அன்றைக்கே மாலையில் எல்லாக் கோழிகளும் பெட்டியை விட்டுச் சட்டத்துக்கு ஏறின. பெட்டி அதன்பின் முட்டைக்கு மட்டுமே ஆயிற்று.

பதினைந்து கோழி என்ற கணக்கையும் சட்டத்தின் நீளத்தை வைத்தே சோதிக்கலாம். ஒரு கோழிக்கு எட்டு அங்குலச் சட்டம் தேவை என்று கொண்டால், 4 அடி நீளமுள்ள இரண்டு சட்டங்களில் பன்னிரண்டு கோழி உட்காரும். சேவல் கூடுதல் இடம் கொள்ளும். அசில் போன்ற பெருவிடை இனமானால் இன்னும் குறையும். தரைப்பரப்போ 12 சதுர அடிதான். பகல் முழுவதும் வெளியே மேய்ந்து, இரவில் மட்டும் அடையும் சிறுவிடைகள் பத்து என்பதே இதன் நேர்மையான அளவு. நாள் முழுவதும் அடைத்தே வளர்ப்பதானால் மூன்று கோழிக்கு மேல் இதில் வைக்கக் கூடாது என்பேன்.

நெரிசலைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருக்கிறது என்பதை 1920-களின் தொடக்கத்திலேயே நார்வே நாட்டின் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே எழுதினார். கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் அதை ஒரே வாரத்தில் கண்ணால் பார்க்கலாம். வரிசை நிலைபெற்றுவிட்டால் கூட்டம் அமைதியாக இருக்கும். மேல்நிலையில் உள்ள பெட்டை தலையைத் திருப்பினாலே கீழ்நிலைப் பெட்டை ஒதுங்கிக்கொள்ளும், சண்டை வேண்டியிராது. ஆனால் ஒதுங்குவதற்கு இடம் இருக்க வேண்டுமே. இடமில்லாத கூண்டில் கடைசிப் பெட்டை தலையிலும் வாலடியிலும் கொத்து வாங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். நானும் இரண்டு சட்டங்களை ஒரே உயரத்தில்தான் வைத்திருக்கிறேன். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் எல்லாம் மேல் சட்டத்துக்கே முட்டி மோதும்.

முட்டைப் பெட்டிகளைப் பொறுத்தவரை அமைப்பு நன்று, அளவு சுமார். பெட்டிகள் கூண்டுக்கு வெளியே தொங்கலாக இருப்பதால், மூடியைத் தூக்கி வெளியிலிருந்தே முட்டை எடுக்கலாம். உள்ளிருக்கும் கோழிகள் கலைவதில்லை. நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும் என்பதால் மூன்று என்பது தாராளம். குறை என்னவென்றால், அடித்தகட்டின் மேல் வைக்கோல் நிற்பதற்கு முன்விளிம்பில் தடுப்பு இல்லை. பெட்டை உள்ளே வந்து திரும்பி உட்காரும்போதே வைக்கோல் வெளியே சரிந்துவிடுகிறது, முட்டை வெறும் தகட்டில் உருளுகிறது. நாலு அங்குல உயரத்தில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தால் சரியாகிவிடும். பெட்டி இருட்டாக இருப்பது நல்லதே. முட்டையிடும் பெட்டை மறைவைத்தான் தேடுகிறது.

தகரக் கூரையே இந்தக் கூண்டின் பெரிய குறை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 41 முதல் 42 பாகை செல்சியஸ். சூடு கூடினால் வாயைத் திறந்து இளைத்துத்தான் அதை வெளியேற்ற முடியும். அப்படி இளைக்கும்போது கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தின் தன்மை மாறுவதால், ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதும் தடைபடும். சித்திரை வைகாசியில் முட்டை ஓடு மெலிந்துபோவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பகலில் கோழிகள் மரநிழலில் இருப்பதால் தகரத்தின் சூடு அவற்றைத் தொடுவதில்லை. அவை அடையும் மாலை ஆறரை மணிக்கும் கூரை அனலாக இருப்பதே பிரச்சினை. சட்டத்தில் உட்கார்ந்த கோழியின் தலைக்கும் தகரத்துக்கும் இடையே ஓரடிதான் இடைவெளி. இறகை உடலிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு அவை இளைப்பதைப் பார்த்தபின், தகரத்துக்கு மேலே மூங்கில் கட்டி, நாலு அங்குல இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தோம். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் தகரம் சூடாவதே இல்லை. கூண்டை மரத்தின் கிழக்குப் பக்கம் வைத்தால் பிற்பகல் வெயிலுக்கு மரமே மறைப்பாகும்.

மழைக்கு வந்தால், கூரையின் தாழ்வாரம் ஆறு அங்குலம்தான் நீண்டிருக்கிறது. ஐப்பசி மழை சாய்ந்து அடிக்கும்போது உட்புறம் முழுவதும் நனைந்துவிடும். காற்று வரும் இரண்டு பக்கங்களுக்கும் சுருட்டி ஏற்றும் படுதா கட்ட வேண்டும். ஆனால் நான்கு பக்கமும் முழுக்க மூடிவிடக் கூடாது. மேல்விளிம்பில் அரை அடியாவது திறந்திருக்கட்டும். ஈரக்காற்றும் எச்சத்தின் அம்மோனியா நெடியும் வெளியேற வழியில்லாமல் போனால் மூக்கொழுகலும் குறட்டைச் சத்தமும் தொடங்கும்.

எச்சத் தட்டு நன்றாகவே வேலை செய்கிறது. கோழிகள் தம் எச்சத்தின் மேல் நிற்காமல் இருப்பது ரத்தக்கழிச்சலைப் பெருமளவு குறைக்கும், ஏனெனில் அந்த நோயின் கிருமிமுட்டைகள் ஈரமான எச்சத்தில் பக்குவமடைந்து, கொத்தித் தின்னும்போதுதான் மீண்டும் குடலுக்குள் போகின்றன. தட்டை இழுத்துச் சுரண்டிக் கழுவ ஐந்து நிமிடம் போதும். தட்டில் சாம்பலோ சுண்ணாம்போ தூவும் வழக்கம் பலருக்கு உண்டு; அவற்றின் காரத்தன்மை அம்மோனியாவை அதிகமாகக் கிளப்பிவிடும். மரத்தூளோ உலர்ந்த தென்னைநார்க் கழிவோ மெல்லியதாகப் பரப்புவது மேல். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பின் நேராக எருக்குழிக்குப் போகும்.

இரும்புக் கூண்டில் செல் எனும் கோழிப்பேனும் உண்ணியும் வராது என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. கோழி உண்ணி பகலில் கோழியின் மேல் இருப்பதில்லை. இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ரத்தமே கிடைக்காவிட்டாலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். இந்தக் கூண்டின் சதுரக் குழாய்களின் முனைகள் மூடப்படாமல் விடப்பட்டிருக்கின்றன. உண்ணிக்கு அதைவிட வசதியான வீடு வேறில்லை. இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச்சோடு போய் மரச்சட்டத்தின் அடிப்பக்கத்தையும் குழாய் முனைகளையும் பார்ப்பதே உறுதியான சோதனை. முனைகளைத் தகடு வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும், அல்லது எம்-சீல் வைத்தாவது அடைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் இரும்பின் நன்மை முழுதாகக் கிடைக்கிறது: கோழிகளை வெளியே விட்டு, மரச்சட்டங்களைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, கேஸ் டார்ச்சின் தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் மூட்டுகளின் மேல் ஓட்டினால் ஒளிந்திருப்பவை ஒழியும். மரக்கூண்டிலோ மண்கூட்டிலோ இதைச் செய்ய முடியாது. இவற்றோடு, முற்றத்தில் ஒரு மூலையில் உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி இருக்க வேண்டும். கோழி தானே புரண்டு தன் செல்லை உதிர்த்துக்கொள்ளும் இடம் அதுதான், அதை எந்தக் கூண்டும் தர முடியாது.

கீழ்த் தடுப்பை விற்பவர்கள் குஞ்சுக்கென்று சொல்கிறார்கள். தாய்க்கோழியோடு பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை முதல் இரண்டு மூன்று வாரங்கள் வைக்க அது நல்ல இடம். தாயின் சிறகே சூடு தருவதால் பல்பு வேண்டியதில்லை. தாயில்லாக் குஞ்சுகளுக்கு அது பொருந்தாது. முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 பாகைச் சூடு வேண்டும், வாரந்தோறும் சுமார் 3 பாகை குறைத்துவர வேண்டும். நான்கு பக்கமும் திறந்த மெஷ்ஷில் அந்தச் சூடு நிற்காது.

அதே தடுப்பு வேறு இரண்டு வேலைகளுக்கும் மிகவும் உதவுகிறது. சிறுவிடை ஓர் ஈட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். ஆண்டுக்கு அது தரும் 60 முதல் 80 முட்டைகள் இப்படி ஈடு ஈடாகத்தான் வருகின்றன. குஞ்சு பொரிக்கத் தேவையில்லாத காலத்தில் அடை தெளிவிக்க, கோழியைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் வேண்டாத வதை. வைக்கோல் ஏதுமில்லாத இந்த மெஷ் தரையில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால், வயிற்றுக்கு அடியில் காற்று ஓடி உடல் சூடு தணிந்து அடை தானே தெளிந்துவிடும். புதிதாக வாங்கும் கோழியைக் கூட்டத்தோடு பழக்கவும் இது ஏற்றது. முதல் இரண்டு மூன்று வாரம் புதியதை வீட்டின் வேறொரு பக்கத்தில் தனியே வைத்து நோய் இல்லை என்று தெளிந்தபின், பகலில் இந்தத் தடுப்பில் விட்டால், வெளியே மேயும் பழைய கோழிகள் மெஷ் வழியாகப் பார்த்துப் பழகிக்கொள்ளும். நேரடியாக விட்டால் விழும் கொத்தில் பாதிகூட பிறகு விழாது.

கதவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு நிறைவடையாது. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றே காப்பு. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு, எட்டாவது வாரத்தில் ஆர்.2.பி. ஊசி என்பது வழக்கமான முறை. கால்நடைப் பராமரிப்புத் துறையின் முகாம்களிலும் ஊசி போடுகிறார்கள். முகாமுக்குக் கொண்டுபோகவோ வீட்டிலேயே ஊசி போடவோ கோழிகளை விடியுமுன் இருட்டில்தான் கலவரமில்லாமல் பிடிக்க முடியும். இந்தக் கூண்டின் கதவு ஒன்றேகால் அடி அகலம், அதுவும் ஒரு மூலையில். எதிர் மூலையில் உட்கார்ந்திருக்கும் கோழியைப் பிடிக்கத் தோள்வரை உள்ளே நுழைத்தாலும் கை எட்டாது. கோழிகள் பதறி மெஷ்ஷில் மோதிக்கொள்ளும். முன்பக்கத்தில் பாதியாவது திறக்கும்படி இரட்டைக் கதவு வைத்திருக்க வேண்டும். தாழ்ப்பாளும் வெறும் இழுவைக் கொண்டிதான். மரநாய் பிராண்டினால் நழுவக்கூடியது. ஒரு சிறு பூட்டோ வளைகம்பியோ சேர்த்தே போடுங்கள்.

இரண்டு மூன்று கோழி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூண்டு தேவையில்லை. திண்ணையில் கவிழ்க்கும் ஒரு பஞ்சாரமே போதும். ஆறு முதல் பத்துக் கோழி வரை வைத்து, வீட்டு முட்டைக்கும் அவ்வப்போது ஓர் ஈடு குஞ்சுக்கும் வழி செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு இந்த விலை நியாயமானது. மரச்சட்டம், கீற்று, படுதா, அரை அங்குல மெஷ் எல்லாவற்றுக்குமாக எனக்கு மேற்கொண்டு ஏறக்குறைய 2,500 ரூபாய் ஆயிற்று. செய்து வைத்திருப்பதை அப்படியே ஏற்றிக்கொண்டு வராமல், புதிதாகச் செய்யச் சொல்லி முன்பணம் கொடுப்பதே நல்லது. சட்டத்துக்கான கொக்கிகள், குழாய் முனைகளுக்கு மூடி, இரட்டைக் கதவு, ஒன்றரை அடித் தாழ்வாரம் ஆகிய நான்கையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயின்ட் அடித்து முடித்த கூண்டில் பிறகு பற்றவைத்தால், அந்த வெப்பத்தில் பூச்சு கருகி, அடுத்த மழைக்கே அந்த இடத்தில் துரு ஏறத் தொடங்கிவிடும்.